வளையம்தான் என்று சொன்னேன்

நாள் 38, காலை 6.20
இதைக் கண்டெடுப்பவருக்கு: எழுதுவது ஆய்வாளர் மங்களேஸ்வரி. இடம், கொற்கைக்குத் தெற்கே முத்துக் குளிப்பவர்களின் கரை. காலம், என் காலத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகள் முன்பு. கருவிகள் நலம். மூன்று வேளையும் மீன் தின்று எனக்குத்தான் நலமில்லை.

நாளை மறுநாள் கலப்புக் கிரகணம். ஓரிடத்தில் சூரியன் வளையமாகத் தெரியும். சற்றுத் தள்ளினால் முழுவதும் மறையும். மாறும் இடம் இந்தக் கடலில்தான். படகிலிருந்து அளக்க வேண்டும். அன்று மாலையே திரும்பிப் போகக் கால வாசல் திறக்கும்.

நாள் 39, மாலை 4.05
படகுக்குத்தான் சிக்கல். சூரியன் முழுதாக மறையும் நாளில் இவர்கள் கடலுக்குப் போவதில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் இரு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிற்க வேண்டும். எதையும் பிடித்திருக்கக் கூடாது.

"முழுசா இருட்டிருமாக்கா?" என்று கோடன் தனியாக வந்து கேட்டான். (மொழிமாற்றி நம் பேச்சில் தருகிறது.) அவன் கயிறு பிடிப்பவன். முத்துக் குளிப்பவன் அவனுடைய அக்காள் எயினியின் கணவன், அந்துவன். கயிற்றை மனைவியின் தம்பியிடம்தான் கொடுப்பார்களாம். அக்காளுக்காகவாவது கவனமாக இருப்பான் அல்லவா?

பூமி அந்நாளில் எவ்வளவு வேகமாகச் சுழன்றது என்பது துல்லியமாகத் தெரியாது. என் கணக்கு நாற்பது கிலோமீட்டர் தவறலாம்; படகு நிற்கும் இடத்திலேயே முழுதாக இருட்டலாம். அதைச் சொன்னால் படகு கிடைக்காது.

"இல்ல தம்பி, வளையம்தான். வெளிச்சம் இருக்கும்" என்றேன். அவன் போய் மற்றவர்களைச் சம்மதிக்க வைத்தான்.

நாள் 40, காலை 10.48
படகில் இருக்கிறேன்; நான் அளக்க, அவர்கள் முத்துக் குளிக்க. அந்துவன் கல்லைப் பிடித்து இறங்கினான். பத்துப் பாகம், அதாவது பதினெட்டு மீட்டர் ஆழம். இடுப்பில் கயிறு. அசைத்தால் கோடன் இழுக்க வேண்டும்.

10.49
முழு இருள். எட்டு நொடி. கோடன் கயிற்றை விட்டுக் கையைத் தூக்கினான். கயிற்றின் நுனி நழுவிக் கடலில் விழுந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அளந்தேன்.

11.30
இரண்டு பேர் குதித்து அந்துவனைத் தேடி எடுத்தார்கள். உயிர் இல்லை. கயிற்றை இறுகப் பிடித்திருந்தான். மச்சினன் இழுப்பான் என்று கீழேயே காத்திருந்திருக்கிறான்.

மாலை 5.40
கயிற்றை விட்டவனைத் துடுப்பில்லாத தோணியில் ஏற்றிக் கடலில் தள்ளிவிடுவார்கள். கோடன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நாந்தான் விட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

எயினி என்னிடம் வந்தாள். "நீங்க படகுல இருந்தீகளே, சொல்லுங்க. இவன் கயித்த விட்டானா?"

"ஆமா" என்றேன். பொய் இல்லை. சீ, என்ன பிறவி நான்.

5.52
என் காலத்து ஆய்வு மையத்திலிருந்து: "பிரமாதம் மேடம்! எட்டு நொடியும் சுத்தமா பதிவாகியிருக்கு. வாசல் நாலு நிமிஷம் திறந்திருக்கும், வந்துருங்க."

5.54
வாசலில் நிற்கிறேன். கரை தெரிகிறது. தோணியை அலை வரைக்கும் இழுத்துவிட்டார்கள். ஓடிப்போய்ச் சொல்லலாம். சொன்னால் தோணியில் நான்.

5.55
கோடன் தானாகவே ஏறி உட்கார்ந்துவிட்டான். இந்தப் பக்கம் பார்க்கிறான். நான் சொல்வேன் என்று நினைக்கிறானோ

5.56
உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.