ஏலத்துக்கு வந்த ஸ்டிக்

அக். 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. குழித்துறை ஆறு கலங்கி ஓடுகிறது. முட்டிக்கு ஐஸ், இருபது நிமிடம். படி ஏறி இறங்கியது மூன்று செட். வலி உண்டு. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

வேலை: லீவ் கடிதம். க்ரீப் பேண்டேஜ். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

இந்திய அணி கேம்ப்புக்கான லிஸ்ட் இந்த வாரம். கோச்சுக்கு இரண்டு மெசேஜ். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

சந்தையில் மீன்காரி: "நீ ஹாக்கி வெளையாடுத பிள்ளையில்லா? இப்பம் டிவியில காணல்லியே. கல்யாணம் ஆச்சா?" ஒன்பது வருடம் இந்தியாவுக்கு ஆடியதற்கு மிச்சம் இந்தக் கேள்வி.

அக். 15, புதன்

மழை விட்டுவிட்டு. பழைய மேட்ச் ஒன்றை போனில் பார்த்தேன். எதிரணிக்கு பெனால்டி கார்னர் கிடைத்தால், அடிப்பவளை நோக்கி முதலில் பாய்வது என் வேலை. பந்து உடம்பில் படலாம், கோலுக்குள் போகக்கூடாது. கமெண்டரியில் கோல் போட்டவள் பேரைப் பத்துத் தடவை சொல்வார்கள். என் பேரைச் சொன்னது முட்டி உடைந்து விழுந்த அன்றுதான்.

மூன்று மாதமாக அம்மாவுக்கு வெள்ளிதோறும் உபவாசம். பாலில்லாத கட்டன்சாயா மட்டும். "ஒனக்க லிஸ்டுக்காகத்தான் மக்களே" என்கிறாள். ஜெபத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் இப்போது பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான்.

அக். 16, வியாழன்

லிஸ்ட் வந்தது. மூன்று தடவை வாசித்தேன். இல்லை.

என் இடத்தில், பெனால்டி கார்னருக்கு முகக்கவசம் எப்படிக் கட்டுவதென்று நான் சொல்லிக்கொடுத்தவள். நல்ல பிள்ளை. வெறுப்பாக இருக்கிறது.

பிறகு கோச்சிடமிருந்து: "டேக் ரெஸ்ட்." கூடவே ஒரு கட்டைவிரல் எமோஜி.

அம்மா: "போட்டு, விடு மக்களே. வா, சாப்பிடு." மரச்சீனிக் கிழங்கு, சாளைமீன் கறி. தட்டில் இரண்டு தடவை விளம்பினாள்.

அக். 17, வெள்ளி

அம்மா காலையிலேயே தோசை சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமையாச்சே என்றேன். "உபவாசம் முடிஞ்சு" என்றாள். லிஸ்டே வந்தாயிற்று, இனி எதற்குப் பட்டினி. சரிதான்.

அக். 18, சனி

பீரோ பக்கத்தில் நின்ற ஸ்டிக்கைக் காணவில்லை. முதல் வெளிநாட்டு டூருக்குக் கொண்டுபோனது. "இங்கனதான் கெடக்கும்" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

அக். 19, ஞாயிறு

சபைக் கோயிலில் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து வைப்பது, ஆராதனை முடிந்ததும் ஏலம். எதற்காக ஸ்தோத்திரம் என்று எழுதிய சீட்டும் கட்டியிருக்கும். சபை செக்ரட்டரி உரக்க வாசிப்பார். பெருமைக்காக ஒரு தேங்காய்க்குக்கூட விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

வாழைக்குலை. சேனை. ஒரு சேவல். அடுத்தது என் ஸ்டிக்.

சீட்டு: "மகளை இனி வெளியே போகவிடாமல் வீட்டில் நிறுத்தித் தந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

பின்னால் யாரோ: "இத வச்சு என்ன செய்யதுக்கு? மாங்கா பறிக்கலாம்." சிரிப்பு.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மெல்ல: "பந்து ஒனக்க முட்டியில அடிச்சத டிவியில கண்டவளாக்கும் நான். அடுத்தது தலையில அடிச்சாலோ? எனக்கு நீ ஒருத்திதான் மக்களே."

அப்படியென்றால் அந்த மூன்று மாதப் பட்டினி என் பேர் வராமலிருக்க. அவள் சொன்னதைத் தெய்வமும் கேட்டிருக்கிறது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"யாரு கேக்கியது?" என்றார் செக்ரட்டரி. நான் கை தூக்கினேன். முதலில் பாய்ந்தே பழக்கம்.

சேவலுக்கு ஆறு பேர் மல்லுக்கு நின்றார்கள். இதற்கு நான் ஒருத்திதான்.

ஒரு தரம். ரெண்டு தரம். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவைத் தவிர.

மூணு தரம்.