பேய் அடுப்பு

அப்பா,

இன்றைக்குக் காலையில் தோசைக்கல்லைக் கழுவ எடுத்துப் போனேன். கரண்ட் அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். பைப்படியில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது. டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிக். கையில் சவுக்காரத்தோடு அப்படியே நின்றேன். திரும்பினால் நீங்கள் கல்லைத் தூக்கிப் பிடித்து, வெங்காயத் துண்டால் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பீர்கள் என்று உடம்பு நம்பியது. கல் என் கையில்தான் இருந்தது. இருந்தும் நம்பியது.

எஸ்டேட் புகை வீட்டில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டே உங்கள் நெஞ்சு போனது. புக்கிட் பெலிம்பிங்குக்குக் குடிவந்த பிறகும் மண்ணெண்ணெய் அடுப்பை விடவில்லை. நான் படிப்பைப் பாதியில் விட்டவன், சமையலும் வராது. இனிப் புகையே ஆகாது என்றார் டாக்டர். கேஸ் வாங்கலாம் என்றேன். "குசினியில வெடிகுண்ட வெச்சிக்கிட்டு எப்படிடா தூங்கறது?" என்றீர்கள்.

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து அக்கா வந்தாள். "இந்த மாசத்தோட சமைச்சது போதும்பா. எங்க வீட்டுக்கு வந்துடுங்க. இவன் கடையில சாப்பிட்டுக்குவான் லா." நீங்கள் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தீர்கள். அவள் பஸ் ஏறிய பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "மருமவன் வீட்டுல போய் தட்ட நீட்டச் சொல்றாடா."

அந்தக் குரலுக்காகத்தான் அந்த ஜப்பான் கரண்ட் அடுப்பில் கை வைத்தேன்.

நான் வேலை பார்க்கும் எலெக்ட்ரிக் கடையின் பின்கட்டில் அது தூசி படிந்து கிடந்தது. நூறு வோல்ட் சாமான், நம் ஊர்க் கரண்டோ இருநூற்று நாற்பது. கூடவே வந்த டிரான்ஸ்பார்மரை விட்டுவிட்டு யாரோ நேராகச் சுவரில் செருகிவிட்டார்கள். "செத்துப்போச்சு, வேணும்னா தூக்கிட்டுப் போ" என்றார் கடை முதலாளி தௌக்கே. திறந்தேன். ஃபியூஸ் கரி. பெரிய பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட். டையோட் பிரிட்ஜும் ஷார்ட். எல்லாவற்றையும் மாற்றி, டிரான்ஸ்பார்மர் வழியாகச் செருகினேன். படார்! புது டிரான்சிஸ்டரும் போனது.

முன்கட்டிலிருந்து தௌக்கே கத்தினார்: "பல்ப் டுலு லா, போடோ!" முதலில் பல்பைப் போடுடா, மடையா என்று அர்த்தம். கரண்டை ஒரு குண்டு பல்ப் வழியாக அனுப்ப வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரியும், சாமான் தப்பிக்கும். எனக்கு எங்கே அந்தப் பொறுமை?

பல்பைப் போட்டேன். கண் கூசியது. ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டர் வைத்தேன். பெரிய டிரான்சிஸ்டரை இயக்கும் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று, பார்க்க நன்றாக இருந்தாலும், உள்ளே செத்திருந்தது. பெரியதை அணையவே விடாமல் அதுதான் சாகடித்துக்கொண்டிருந்தது. அதையும் மாற்றினேன். பல்ப் ஒரு தடவை மின்னிவிட்டு மங்கியது. கடையிலேயே துள்ளிக் குதித்தேன்.

வீட்டில் நீங்கள் அலுமினியச் சட்டியில் உலை வைத்தீர்கள். டிக். டிக். தண்ணீர் சில்லென்று கிடந்தது.

"என்னடா இது, என்ன மாதிரியே இருமுது?"

"சிரிக்காதீங்கப்பா!"

சட்டியை இறக்கி, அடுப்பைப் பிரிக்க ஸ்க்ரூடிரைவர் தேடிப் போனேன். அதற்குள் வழியில் கிடந்த தோசைக்கல்லை நீங்கள் அதன் மேல் தூக்கி வைத்துவிட்டீர்கள். ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம். கை வைத்துப் பார்த்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டீர்கள். "நெருப்பே இல்லாம சுடுது! பேய் அடுப்புடா!" அப்போதுதான் உறைத்தது. அந்த அடுப்புக்கு இரும்பு வேண்டும். நம் வீட்டில் எல்லாமே அலுமினியம், இந்தக் கல்லையும் புகை வீட்டுக்கு நீங்கள் கொண்டுபோன எனாமல் பூசிய இரும்பு மங்குக் குவளையையும் தவிர. மங்கில் காப்பி, கல்லில் தோசை. மூன்று வேளையும் தோசை.

அக்கா மறுபடி வந்தாள். குசினியை மோந்து பார்த்தாள். அடுப்புக்கு அடியில் குனிந்தும் பார்த்தாள். "புகை எங்கப்பா?"

"ஒன் தம்பி பேயப் புடிச்சிக் கட்டி வெச்சிருக்கான். நீ சாப்புடு."

நாலு தோசை சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் பஸ் ஏறினாள். கூப்பிடவில்லை.

ஒரே ஒரு குறை மிச்சம் இருந்தது. கல்லை எடுத்தால் அடுப்பு 'மேலே இரும்பு இருக்கிறதா?' என்று கொஞ்ச நேரம் டிக் டிக்கென்று தேடிவிட்டுத் தானே அணைய வேண்டும். இது அணையாது. "டைமர் கெட்டிருக்குப்பா, பாக்கணும்" என்றேன். "விடுடா. தேடிட்டுப் போவட்டும்" என்றீர்கள். முன்னறையில் படுத்திருந்தாலும் எனக்குத் தெரியும். டிக் என்றால் கல் உங்கள் கையில். ரீங்காரம் வந்தால் திரும்ப வைத்துவிட்டீர்கள்.

மழைக்காலத்தில் உங்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சு. இடைவெளி. இன்னொரு மூச்சு. இடைவெளி. அடுத்ததற்காகக் காதை வைத்துக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து தோளைத் தொட்ட பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது அக்கா என்னைக் கூப்பிடுகிறாள். "அந்த வீட்டுல தனியா என்னடா பண்ற?" தோசை சுடுகிறேன். எல்லாம் கோணல்.

அடுப்பின் கோளாறைப் போன வாரம் கண்டுபிடித்துவிட்டேன். டைமரில் கரண்டைத் தேக்கும் கெப்பாசிட்டர் ஒன்று ஒழுகுகிறது. எவ்வளவு கரண்ட் வந்தாலும் நிறைவதில்லை. நிறையாததால் நேரம் முடிந்தது அதற்குத் தெரிவதே இல்லை. தௌக்கே புதுசு ஒன்று கொடுத்தார், மொச்சைக்கொட்டை அளவு. இரண்டு கால்தான், இரண்டு சொட்டு ஈயம் வைத்து ஒட்டினால் போதும், டிக் தானே நின்றுவிடும்.

இன்றைக்குக் கடைசியில் திரும்பித்தான் பார்த்தேன். வெறும் கண்ணாடித் தட்டு. டிக். கல்லைத் துடைத்து அதன் மேல் வைத்தேன். ரீங்காரம் வந்தது. மாவு ஊற்றாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தக் கெப்பாசிட்டர் என் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து அடுத்த சட்டையில் போட்டுக்கொள்கிறேன்.