‘நீங்க’ என்று என்னைக் கூப்பிடாதே

வேங்கிக்கால்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி செழியனுக்கு,

அக்கா மணிமொழி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் முட்டியைத் தவிர. அந்த முட்டிக்காகத்தான் நீயும் நானும் பதினொரு நாளாகப் பேசாமலிருக்கிறோம். போனில் என்றால் நீ ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நான் புகுந்துவிடுவேன், நீ புனேயிலிருந்து போனை வைத்துவிடுவாய். அதனால் இந்தக் கடிதம்.

ஆபரேஷன் வேண்டும் என்பது என் கட்சி. வேண்டாம் என்பது உன் கட்சி. இருக்கட்டும். ஆனால் முட்டியில் ஆரம்பித்த நீ, பத்தே நிமிடத்தில் என் விவாகரத்துக்கு எப்படியடா வந்து சேர்ந்தாய்? “உங்க குடும்பத்தையே உங்களால பாத்துக்க முடியல, அம்மாவுக்கு முடிவெடுக்க வந்துட்டீங்க” என்றாய்.

சொன்ன விஷயம்கூட ஆறிவிட்டது. அந்த ‘உங்க’தான் ஆறவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து என்னை வா, போ என்று கூப்பிட்டவன் நீ. கோபம் வந்தால் மட்டும் “சொல்லுங்க மேடம், நீங்க படிச்சவங்க.” ஊருக்கு அது மரியாதை. நமக்குள் அது முகத்தில் கதவைச் சாத்துவது. ஆட்டோக்காரரும் பேங்க் மேனேஜரும் என்னை ‘நீங்க’ என்கிறார்கள், அது போதும். திட்டுவதென்றால் ‘நீ’ என்றே திட்டு.

அன்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “ரெண்டு பேரும் மொதல்ல ஒரே பேச்சுக்கு வாங்க, அப்புறம் என் முட்டியப் பாக்கலாம்” என்று சொல்லி, ஆபரேஷனுக்கு நான் கேட்டு வாங்கியிருந்த தேதியையே வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள்.

இவ்வளவு சொல்கிறவள் என்னையும் சொல்லவேண்டும். டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் உன்னிடம் சொன்னேன். உடனே செய்யவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கலாம், கேட்காவிட்டால் ஆபரேஷன் என்றார். அது உனக்குச் சாதகமாக இருந்தது, விழுங்கிவிட்டேன். காலேஜில் பட்டிமன்றக் கோப்பை வாங்கியவள் அல்லவா. எழுதவே கை கூசுகிறது.

கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டம் வடிந்ததும், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரிடம் போகிறோம். வீடியோவில் வா, நீயே கேள். அவர் உனக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். நீயும் முட்டியைத் தாண்டிப் போகாதே. பயிற்சிதான் என்று முடிவானால் நானே தினமும் அழைத்துப் போகிறேன்.

அண்ணாமலையார் எனக்குப் பொறுமையும் உனக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும். ‘நல்ல புத்தி’யை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா அந்த முட்டியோடு எழுந்துவிடுகிறாள். ஒரு தடவையாவது அது நீயாக இருக்கட்டும்.

உன் அக்கா,
மணிமொழி