கோயில் வாசலில் பன்னிரண்டாவது ஆள்

நவம்பர் 3, திங்கள்

விடியத் தொடங்கிய மழை. குடை பஸ்ஸிலேயே போய்விட்டது. யாழ்ப்பாணத் திருநெல்வேலி அறையில் இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது.

செய்ய வேண்டியவை: ஹெட்போன் (இடக் காது கேட்கவில்லை). டேட்டா. கணினி மண்டபத் தூண்களுக்கு எழுத்து ஒட்டுவது. தலைமயிர் வெட்டு.

என் இணையச் சம்ஸ்கிருத வகுப்புக்கு வெள்ளி மதிப்பீடு. கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர், தன் வீட்டிலிருந்தபடியே, நான் மூன்று மாதமாகக் கட்டிய கணினிக் கோயிலுக்குள் வருவார். மாணவர்கள் பொம்மை உருவில் நடந்து வருவார்கள். வாசல் காவலாளி சம்ஸ்கிருதத்தில் யார், எவ்வூர் என்று கேட்பான். சம்ஸ்கிருதத்தில் பதில் சொன்னால் கதவு திறக்கும். பன்னிரண்டு பேர் உள்ளே வந்தால்தான் வகுப்பு. குறைந்தால் வகுப்பும் போச்சு, என் தற்காலிக வேலையும் போச்சு. என்னிடம் இருப்பதே பன்னிரண்டு பேர்.

நவம்பர் 4, செவ்வாய்

ஒத்திகை. பதினொரு பேர் உள்ளே. நெல்லியடி சிந்துஜா மட்டும் வாசலில். வகுப்பில் ஆகக் கெட்டிக்காரி. இணைப்புக் கோளாறாக்கும் என்று மூன்று தரம் உள்ளே இழுத்துவிட்டேன். மூன்று தரமும் வெளியே போய் நின்றாள்.

போனில் கேட்டேன்.

“அப்பப்பா மோசம் போய் இருவது நாள்தான் சேர். செத்த வீட்டுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியாமல் கோயிலுக்குள்ளை வரேலாது.”

“இது கோயில் இல்லைப் பிள்ளை. வெறும் படம்தானே.”

“ஓம் சேர். ஆனால் மூலஸ்தானத்திலை பிள்ளையாரை வைச்சிருக்கிறியள்.”

வைத்ததுதான். அழகுக்கு. ஒரு சந்தையைக் கட்டியிருக்கலாம், துறைமுகத்தைக் கட்டியிருக்கலாம். மூளை எங்கே போனது? வெள்ளிக்குள் இனி எதையும் கட்ட முடியாது.

நவம்பர் 5, புதன்

சாப்பாடு பாண், பருப்பு. ஹெட்போன் வாங்கவில்லை.

மறுபடியும் அவளுடன் கதைத்தேன். “என்ரை வேலை உம்மடை கையிலைதான் கிடக்கு பிள்ளை” என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. “சரி சேர்” என்றாள்.

பின்னேரம் உள்ளே வந்தாள். பிழையில்லாத பதில். மூலஸ்தானப் பக்கம் திரும்பாமல் சுவரோரம் நின்றாள். பாடம் முடிந்ததும் முதல் ஆளாய் வெளியே. பன்னிரண்டு. நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

காலையில் சிந்துஜாவின் அம்மா எனக்குப் போன் எடுத்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். மரியாதையாகவே கதைத்தார்.

“பிள்ளை நேற்றுக் கம்ப்யூட்டரை நிப்பாட்டின கையோடை போய்த் தலை முழுகினவள், சேர். சாப்பிடவும் இல்லை. கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறாள்.”



மதியம் உரும்பிராயிலிருந்து அண்ணையின் போன். “பெரியப்பா மோசம் போயிட்டார். கனடாவிலையிருந்து மகன் வரவேணும். ஞாயிறுதான் பிரேதம் எடுக்கிறம். நீ உடனை வா.”

என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோன மனிதர். எனக்கு முதலில் வந்த நினைவோ நாளைய மதிப்பீடு. சீ.

மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கேட்டேன். முடியாதாம்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. செத்த வீட்டின் பின்னறை. அரிசி மூட்டை மேல் லாப்டாப். முற்றத்தில் பந்தல் போடும் சத்தம். அண்ணை எட்டிப் பார்த்தார். “உதென்ன இப்ப? கெதியா முடிச்சிட்டு வா.”

பத்து மணி. பேராசிரியர் உள்ளே. பதினொரு பேர் உள்ளே. காவலாளி என்னிடம் கேட்கிறான், யார், எவ்வூர். அந்தப் பதிலை எழுதியவனே நான்தான். விரல் அசையவில்லை. என் பொம்மை வாசலில் நின்றது நின்றபடி.

பக்கத்தில் இன்னொரு பொம்மை. சிந்துஜா.

“சேர், நீங்கள் உள்ளுக்குப் போகேல்லையே?”

“என்ரை பெரியப்பா மோசம் போயிட்டார் பிள்ளை.”

ஆசிரியர் ஏன் வெளியே நிற்கிறார் என்று பேராசிரியர் உள்ளேயிருந்து சம்ஸ்கிருதத்தில் கேட்டார். சிந்துஜா பதில் சொன்னாள். சாவு, எங்கள் வீடு, முப்பத்தொரு நாள், வாசல். எந்தப் பாடத்திலும் நான் எழுதிக்கொடுக்காத வாக்கியங்கள். சம்ஸ்கிருதத்தில். நிதானமாக.

பேராசிரியர் வெளியே வந்தார். பின்னால் மற்றப் பதினொரு பேரும். மீதிப் பாடம் வாசலுக்கு வெளியே, தேர் நிற்கும் தேர்முட்டியடியில் நடந்தது.

பதிவில், உள்ளே வந்த மாணவர்: பதினொன்று. முடிவு கடிதத்தில் வருமாம்.

“வெறும் படம்தானே சேர்” என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.