மல்லனின் முழுவட்டப் பிடி

07.06.2023, புதன்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் சம்பந்தியம்மாளும் நலம். மாடிக் குழாயின் ஒழுகல் மே 30ஆம் தேதி சரிசெய்யப்பட்டு, ஜூன் 2ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. குழாய்க்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். என்றைக்கு என்றுதான் சொல்லவில்லை. எனக்குப் பிடிக்காதது அதுதான்.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் கைப்பேசிக்கு வருவதையெல்லாம் என் மகள்தான் வாசித்துக் காட்டுகிறாள். இது நீங்கள் மட்டும் படிக்க வேண்டியது.

திங்கட்கிழமை, அதாவது 5ஆம் தேதி, அவள் பேசினாள். "அப்பா, மாமா இனிமே உங்களோட விளையாட மாட்டாராம். சின்னப் பசங்க சமாச்சாரம்னு சொல்லிட்டு கன்ட்ரோலரை அலமாரில வெச்சிட்டார்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் பிள்ளைகளின் திருமணம் நடந்தது 11.09.2016 அன்று. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக நாம் இருவரும் "சௌக்கியமா", "சாப்பிட்டாச்சா" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. 02.01.2022 அன்று மாப்பிள்ளை தொலைக்காட்சியில் ஒரு சண்டை வீடியோ கேமைப் போட்டு, நம் கையில் ஆளுக்கொரு கன்ட்ரோலரைக் கொடுத்து, "சும்மா தட்டிப் பாருங்க ரெண்டு பேரும்" என்றார். திரையில் உங்கள் மல்லன் என் கம்புக்காரியைத் தலைகீழாகத் தூக்கிப் போட்டதும் நீங்கள் எழுந்து நின்று, "மன்னிச்சிடுங்க சம்பந்தி" என்றீர்கள். என் மனைவி, "கல்யாணத்துல போட வேண்டிய சண்டை, இப்பவாவது போடட்டும்" என்றாள். அன்று முதல் ஞாயிறுதோறும் அவரவர் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் ஆடி வருகிறோம்.

அந்த விளையாட்டை அடிதடி என்று சொல்பவர்கள் அதை ஆடிப் பார்க்காதவர்கள். அடி பிடியை முறிக்கும். பிடி தடுப்பை முறிக்கும். தடுப்பு அடியை வாங்கிக்கொள்ளும். எந்த அடியும் இலவசமில்லை. வீசியது தவறினால், கை மீண்டு வரும்வரை வீசியவன் திறந்து நிற்பான். முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் இருந்தேன். தவறு செய்தவரே அதற்கு அடிவாங்கும் ஏற்பாட்டை இங்குதான் கண்டேன்.

அதிலும் மல்லனின் முழுவட்டப் பிடி. இடது கட்டைவிரலால் கன்ட்ரோலரின் குமிழை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கண்ணிமைப்பதற்குள் பொத்தானை அழுத்த வேண்டும். சுற்றில் மேல்திசையும் வருவதால், விரல் சற்றுத் தாமதித்தால் மல்லன் பிடிக்காமல் எம்பிக் குதித்துவிடுவான். அதை நீங்கள், என் அடியைத் தடுத்துக்கொண்டிருக்கும்போதே, சுற்றுவது வெளியே தெரியாதபடி செய்வீர்கள். தடுக்கிறீர்கள் என்று நான் நம்பியிருக்கையில் என் கம்புக்காரி அந்தரத்தில் இருப்பாள். எத்தனை முறை பட்டும் எனக்குப் புத்தி வந்ததில்லை.

ஏப்ரல் 23ஆம் தேதி ஆட்டத்தில் மல்லன் காரணமின்றிக் குதித்தான். புது உத்தி என்று நினைத்து மிரண்டேன். 30ஆம் தேதியும் குதித்தான். மே 21ஆம் தேதி குதித்துக்கொண்டே இருந்தான். அன்று நாம் காணொளி அழைப்பில் முகம் பார்த்துப் பேசியபோது உங்கள் இடக்கை துண்டுக்கு அடியில் இருந்தது. பிறகு எனக்கு விளங்கிற்று: மல்லன் குதித்தது உத்தியால் அல்ல, உங்கள் விரலால்.

மே 28ஆம் தேதி நான் செய்ததுதான் வினை. மல்லன் குதித்து இறங்கிய போதெல்லாம் அடிக்காமல் ஒதுங்கி நின்றேன். சம்பந்தி என்ற மரியாதை. ஒருவரும் கவனிக்கமாட்டார்கள் என்ற நினைப்பு. குதித்து இறங்குபவனை அடிக்காமல் விடுவது, உங்களைப் போன்ற ஆட்டக்காரரிடம், "உங்கள் மேல் பரிதாபப்படுகிறேன்" என்று தண்டோரா போடுவதற்குச் சமம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஜூன் 4ஆம் தேதி நீங்கள் பதில் சொன்னீர்கள். வட்டம் இல்லை, குதிப்பு இல்லை. தடுப்பும், காலைத் தட்டும் ஒரே உதையும் மட்டும். கம்பை வீசியதும் ஓர் அடி பின்வாங்குவது என் வழக்கம்; எனக்கே தெரியாத வழக்கம். என் கால் வந்து ஊன்றப்போகும் இடத்தில் உங்கள் உதை முன்கூட்டியே காத்திருந்தது. நான் அன்று உயிரைக் கொடுத்து ஆடினேன், சம்பந்தி. ஒரு சுற்றில்கூட ஜெயிக்கவில்லை. ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு செய்யலாம் என்று நான் அறிந்ததில்லை. இப்படி ஆடியவர் மறுநாளே அதை அலமாரியில் வைத்தால், அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்பதை நான் எப்படி நம்புவது?

நேற்று விளையாட்டின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) பகுதியை முழுவதும் படித்தேன். எளிய முறை என்று ஒன்று உண்டு. முழுவட்டப் பிடியை ஒரே பொத்தானில் வைத்துக்கொள்ளலாம். வலு மட்டும் சற்றுக் குறையும். சலுகைக்கு உரிய விலையையும் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். எனவே அதை எடுத்துக்கொள்வதில் எவர் தயவும் இல்லை.

கை விஷயம் வேறு. அதை மருத்துவர் பார்க்க வேண்டும், இந்த மாதமே. என் மகளிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள். அவள் கோபிப்பாள், பிறகு உடனே செருப்பை மாட்டிக்கொண்டு உங்களோடு கிளம்புவாள். அவளை நான் அறிவேன்.

18ஆம் தேதி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்திருப்பேன். இனி ஓர் அடிகூட விட்டுக்கொடுக்கமாட்டேன், இது வாக்கு. நீங்களும் விட்டுப் போகாதீர்கள். இந்த வயதில் என்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் என்னிடம் "பார்த்து நடங்க" என்று சொல்பவர்கள். என்னைத் தூக்கிப் போட உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

என்றும் தங்கள் அன்பை நாடும்,
சம்பந்தி