சிதைக்குப் போகாத கிழங்கு

ஆசைக்கும் சண்டைக்கும் ஒரே ஆளாயிருந்த மச்சான் ஏகாம்பரத்துக்கு,

உன் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். நான் இன்னும் அழவில்லை. "வாய் ஓயாம பேசுவீங்களே, இப்ப இன்னா ஆச்சி?" என்று உன் தங்கை என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். என்ன ஆயிற்றென்று எனக்கும் தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், பல்லைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நம் தெரு ஆட்கள் இரண்டு பேருக்கு மறைமலை நகர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. டீக்கடையில் மட்டும் இன்னும் உன் பேச்சுத்தான். "பூவுக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச ஆளு" என்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தது யார்? நான்தானே. விடியலில் நீ ஒரு கிளாடியோலஸ் பூவின் மகரந்தத்தை இன்னொன்றின் நடுவில் தடவி, வேறு மகரந்தம் ஒட்டாமலிருக்கக் காகிதக் குல்லா மாட்டுவாய். நான் வேலியோரம் நின்று, "மச்சான், மொய் எங்க எழுதறது?" என்பேன்.

மெட்ராஸ் ஓட்டல் ஜாடிகளுக்குப் பெங்களூரிலிருந்து வருகிற பூ அது. நம் வெயிலில் கீழே இரண்டு மொட்டு விரியும், மேலே எல்லாம் கருகிவிடும். கருகாத ரகம் ஒன்றை உண்டாக்கி நம் வடக்குப்பட்டு விவசாயிகளுக்குத் தருவேன் என்றாய். அவர்களோ, "இத்த எப்பிடிக் கட்றது? எத்தினி மொழம் வரும்?" என்றார்கள். "இது கட்ற பூ இல்லப்பா, நிக்கற பூ!" என்று கத்திக் கத்தி உன் தொண்டைதான் கட்டியது.

வருஷக்கணக்கில் தடவி, கடைசியில் தேறியது ஒரே ஒரு செடி. பப்பாளிப் பழ நிறம். அதன் மேல் மொட்டு கருகாமல் விரிந்த காலையில்தான் உனக்கு நெஞ்சு வலித்தது. நீ அதைப் பார்த்தாயா, பார்க்காமலே போனாயா?

சாவு வீட்டில் தோட்டத்துப் பூவெல்லாம் பிணத்துக்குத்தானே? உன் பங்காளி ஒருவன் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி வந்து உன் நெஞ்சில் வைத்துவிட்டான். அடியில் மண்ணோடு கிழங்கு. "இன்னாடா, வெங்காயத்த வெச்சிகிற?" என்று யாரோ கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்தினேன். அழுகிறேன் என்று நினைத்து நாலு பேர் முதுகைத் தடவினார்கள்.

பாடையைத் தூக்கும் நேரம், அதுவரை சுவரோடு சுவராக இருந்த உன் சம்சாரம் வள்ளி எழுந்து வந்தாள். பூத்தண்டை மட்டும் ஒடித்து உன் நெஞ்சில் வைத்தாள். இலையும் கிழங்கும் அவள் கையில்.

"பொணத்து மேல வெச்சத வூட்டுக்குத் திருப்பி எடுக்கக் கூடாதும்மா" என்றார் உன் பெரியப்பா.

"வூட்டுக்குள்ள யாரு எடுத்தா? தோட்டத்துல எடம் கீது. அவரு பூவ அவருக்குக் குடுத்தாச்சி. கெழங்கு இன்னா பண்ணிச்சி?"

என்னிடம் நீட்டி, "காயறதுக்குள்ள நட்டுட்டு வாங்கண்ணா" என்றாள். நட்டு, தண்ணீர் ஊற்றி, சுடுகாட்டுக்கு ஓடி வந்தேன். அதற்குள் உனக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

இப்போது இலை மஞ்சளாகிறது. கிழங்கு முற்றுகிறதா, அழுகுகிறதா? தோண்டிப் பார்க்கக் கை பரபரக்கிறது. வள்ளி விடமாட்டேன் என்கிறாள்.

இலை காய்ந்ததும் எடுத்து, ஐப்பசியில் மறுபடி நடுகிறேன். பூத்தால், மேல் மொட்டு விரிகிற வரை பக்கத்திலேயே இருந்து உனக்கும் சேர்த்துப் பார்க்கிறேன். அழுகையையும் அன்றைக்கே வைத்துக்கொள்கிறேன், மச்சான்.

உன் தங்கையைக் கட்டி உன்னிடமும் மாட்டிக்கொண்ட
மச்சான்,
கோதண்டம்