பெட்டிக்குள் ஒரு கேள்வி

மதனா,

சர்ச்சிலிருந்து வெளிநாட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு அனுப்பும் பரிசுப் பெட்டியை வாங்கிப் போக ஸ்டெல்லா டீச்சர் பத்து மணிக்கு வருவார். நீ ஒட்டி வைத்ததை நான் பிரித்துவிட்டேன். திட்டாதே, பொம்மையைத் தொடவில்லை. "இது கப்பல் ஏறுதோ, கடைக்குப் போவுதோ" என்று நேற்று நான் சொன்னதற்குத்தானே முகத்தைத் திருப்பிக்கொண்டாய்? சந்தேகம் தீர உள்ளே ஒரு கடிதம் வைத்திருக்கிறேன்: "பாப்பா, எல்லாம் வந்துச்சா? நடுவுல எவனாச்சும் எடுத்துக்கினானா? பதில் போடும்மா." கீழே நம் முகவரி.

டேப் டி.வி. மேல் இருக்கிறது, மறுபடி ஒட்டிவிடு. எலுமிச்சை சாதம் மூடி வைத்திருக்கிறேன். நான் வர நேரமாகும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு.

கோகுல்

பி.கு.: செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது, கடிதத்தைத் தமிழில் எழுதியிருக்கிறேன். உன் புருஷன் மகா அறிவாளி! நீ இங்கிலீஷில் எழுதி வை. போலீஸ் கேள்வியெல்லாம் வேண்டாம், பிள்ளை பயந்துவிடும். "பொம்மைக்கு என்ன பேர் வெச்சே?" என்று மட்டும் கேள்.